பிறவிக் குற்றவாளி என்று ஒருவன் உண்டா?

புதுச்சேரியிலிருந்து மயிலம் போகும் சாலையில் இருக்கிறது சேதராப்பட்டு. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த ஊர். தொழிற்பேட்டை உண்டு, வயல்களும் உண்டு. கொஞ்ச தூரம் நடந்தால் புதுச்சேரி மாநிலம் முடிந்து தமிழ்நாட்டின் வானூர் வட்டம் வந்துவிடும்.

அந்த ஊரில் ஒரு நாள் காலையில், ஒருவர் வாசலில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள் காணாமற் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். செய்தி டீக்கடைக்கு வருகிறது. அங்கே உடனே விசாரணை தொடங்கிவிடும்.

"நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை. அந்த வம்சமே அப்படித்தான்" என்பார் ஒருவர்.

"வயிறு காய்கிறது ஐயா! பசி வந்தால் பத்தும் பறந்து போகும்" என்பார் இரண்டாமவர்.

"எல்லாம் சேர்க்கை. நல்ல பையன்தான், கூட்டு சரியில்லை" என்பார் மூன்றாமவர்.

"பயம் விட்டுப் போச்சு. நாலு போடு போட்டால் தானாக வழிக்கு வருவான்" என்பார் நாலாமவர்.

இதற்குள் போலீசார் வந்து விடுகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்வி வேறு: "இந்தப் பக்கத்தில் பழைய கேடி யார்?"

வண்டியை யார் எடுத்தார்கள் என்று இவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால், ஏன் எடுத்தார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்!

சிரிக்க வேண்டாம். இந்த ஐந்து பேரும் சொன்னதைத்தான் உலகத்தின் பெரிய பெரிய நிபுணர்களும் இருநூறு வருஷங்களுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். ஒரே ஒரு வித்தியாசம்: டீக்கடையில் பேசினால் பொழுது போகும், சர்க்கார் பேசினால் அது சட்டமாகும். அந்தச் சட்டம் யார் தலையில் விழுந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எல்லைக் கோடு செய்யும் வேடிக்கை

முதலில், குற்றம் என்பது என்ன?

சேதராப்பட்டுக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியில் காசு கொடுத்து முறையாக வாங்கிய மதுப் புட்டியை, அனுமதியில்லாமல் எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டு போனால் குற்றம். புட்டி அதே புட்டி. மனிதன் அதே மனிதன். நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். 1948-ம் ஆண்டு சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோதும் பிரெஞ்சுப் புதுச்சேரியில் மதுவிலக்கு இல்லை. அன்று முதல் இந்தக் கோட்டுக்கு வேலை அதிகம்.

மதுவை விடுங்கள். 1908-ம் ஆண்டு பாரதியார் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வந்தார். பிரிட்டிஷ் சர்க்காரின் பிடியிலிருந்து தப்புவதற்காகவே வந்தார். பத்து வருஷங்கள் பிரெஞ்சு எல்லைக்குள் இருந்தார். 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கைது செய்யப்பட்டு, கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் கவி. அந்தப் பக்கம் கைதி!

புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1-ந் தேதி இந்தியாவுக்கு மாறியது. ஆனால் இந்தியத் தண்டனைச் சட்டம் 1963 அக்டோபர் 1-ந் தேதிதான் இங்கே அமலுக்கு வந்தது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அதுவும் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. குற்றவாளி என்பது மூக்கும் முழியும் போல உடம்போடு வந்த விஷயமானால், சட்டப் புத்தகம் மாறும்போது மனிதனும் மாற வேண்டும் அல்லவா?

இருந்தாலும், திருட்டு எங்கேயும் திருட்டுத்தான். கொலை எங்கேயும் கொலைதான். அவற்றை ஏன் சிலர் மட்டும் செய்கிறார்கள்? கேள்வி அப்படியே இருக்கிறது.

முகத்தில் எழுதியிருக்கிறதா?

"ஆளைப் பார்த்தாலே தெரியவில்லையா?" என்று கேட்பது நம் வழக்கம். இந்த வழக்கம் மிகப் பழையது.

சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதை என்று ஒரு பகுதி. கையில் சிலம்போடு இருக்கும் கோவலனைக் காட்டி, "இவன்தான் திருடன்" என்கிறான் பொற்கொல்லன். காவலர்கள் கோவலனின் தோற்றத்தைப் பார்க்கிறார்கள். லட்சணமான மனிதன், கொல்லத்தக்கவனாகத் தெரியவில்லை என்கிறார்கள். பொற்கொல்லன் விடவில்லை. மந்திரம், மருந்து, நிமித்தம், காலம் என்று திருடர்களின் எட்டு உபாயங்களை எடுத்துச் சொல்லிப் பிரசங்கம் செய்கிறான். அந்த வாதம் முடிவதற்குள், காவலரில் ஒரு குடிகாரன் வாளை வீசிவிடுகிறான். கதை முடிந்தது.

முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன காவலர்கள் அன்று தற்செயலாகச் சரியாகச் சொன்னார்கள். ஆனால் திருட்டு சாஸ்திரத்தை ஒப்பித்தவன் ஜெயித்தான்!

இதே முக லட்சணத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விஞ்ஞானம் என்று சொன்னவர் செசாரே லொம்புரோசோ. இத்தாலிய டாக்டர். ஒரு கொள்ளைக்காரனின் மண்டை ஓட்டைச் சோதித்தபோது, அதன் அடிப்பகுதியில் விசேஷமான ஒரு பள்ளத்தைக் கண்டார். 'ஆகா, இவன் மனிதப் பரிணாமத்தில் பின்தங்கிப் போனவன்' என்று முடிவு கட்டினார். 1876-ம் ஆண்டு நூல் வெளியிட்டார். பெரிய தாடை, சரிந்த நெற்றி, நீண்ட கைகள், விகாரமான காதுகள். இவை பிறவிக் குற்றவாளியின் அடையாளங்களாம்.

உலகமே ஆரவாரம் செய்தது. ஆனால் பிரான்சில் லியோன் நகரத்து டாக்டர் லக்கசாஞ் எதிர்த்து நின்றார். குற்றவாளி ஒரு கிருமி மாதிரி. வளர ஏற்ற சூழல் கிடைத்தால்தான் அந்தக் கிருமி பெருகும், அந்தச் சூழல்தான் சமுதாயம் என்பது அவர் கட்சி.

பிறகு இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் என்ற சிறை டாக்டர் அளவு நாடாவை எடுத்தார். சுமார் 3,000 கைதிகளை அங்கம் அங்கமாக அளந்தார். கல்லூரி மாணவர்களையும் ராணுவத்தாரையும் எடுத்து ஒப்பிட்டார். 1913-ல் முடிவை வெளியிட்டார். குற்றவாளிக்கென்று தனி முகமும் இல்லை, தனி மண்டையும் இல்லை! ஆனால் அவரும் பரம்பரையை முழுதாகக் கைவிட்டுவிடவில்லை. முகத்தை விட்டு, மூளையைப் பிடித்துக்கொண்டார். கைதிகள் பிறவியிலேயே புத்தி குறைந்தவர்கள் என்றார்.

சட்டமாகிவிட்ட சித்தாந்தம்

லொம்புரோசோ நூல் எழுதியது 1876-ல். அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1871-ம் ஆண்டில், நம் நாட்டில் பிரிட்டிஷார் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி; அதுபோலத் திருடன் மகன் திருடன். இதுதான் அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். முதலில் வட இந்தியாவில் அமலான சட்டம், 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

ஒரு சமூகத்தைச் சர்க்கார் 'குற்றப் பரம்பரை' என்று கெஜட்டில் அறிவித்தால் போதும். அதை எதிர்த்துக் கோர்ட்டில் கேட்க முடியாது. பதிவேட்டில் பெயர் ஏறும், கைரேகை உருட்டப்படும். குறித்த நேரத்தில் ஆஜர் சொல்ல வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். தேவைப்பட்டால் குடும்பத்தோடு குடியேற்ற முகாமில் அடைக்கலாம். தென்னார்க்காடு ஜில்லாவிலேயே அஜீஸ்நகர் என்று அப்படி ஒரு குடியேற்றம் இருந்தது. ஒரு குற்றமும் செய்யாத மனிதனுக்கு இத்தனையும்! அவன் செய்த ஒரே காரியம், இன்னாருக்குப் பிள்ளையாகப் பிறந்ததுதான்.

1920 ஏப்ரல் 3-ந் தேதி, உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவுக்கு ஜனங்கள் மறுத்தார்கள். போலீசார் சுட்டார்கள். ஒரு பெண் உட்படப் பலர் உயிர் இழந்தார்கள். வக்கீல் ஜார்ஜ் ஜோசப் அந்த மக்களுக்காக வாதாடினார். முத்துராமலிங்கத் தேவரும் ஜீவானந்தமும் சட்டத்தை எதிர்த்துப் போராடினார்கள். சென்னை மாகாணத்தில் 1947-ல் அது ரத்தானது. இந்தியா முழுவதும் ரத்தான தேதி 1952 ஆகஸ்டு 31.

இப்போது மறுபடி சேதராப்பட்டு எல்லைக்கு வாருங்கள். அந்தச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம். பிரெஞ்சு எல்லைக்குள் அது செல்லாது. பட்டியலில் ஏறிய ஒருவர் தென்னார்க்காட்டிலிருந்து நடந்து இந்தப் பக்கம் வந்தால், அவருடைய ரத்தம் மாறவில்லை, கைரேகை மாறவில்லை. அங்கே அவர் பிறவிக் குற்றவாளி. இங்கே ஒரு வழிப்போக்கர். பரம்பரைச் சித்தாந்தத்தின் சாயம் வெளுக்க, மண்டை ஓடுகளை அளந்திருக்கவே வேண்டாம். இந்த வரப்பில் வந்து நின்று பார்த்திருந்தால் போதும்.

பசியா? பேராசையா?

டீக்கடையின் இரண்டாமவர் பசியைச் சொன்னார். இதில் நியாயம் உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபியை ஏந்திய மணிமேகலை சிறைக்குள் போகிறாள். கைதிகளின் பசியைத் தீர்க்கிறாள். பிறகு அரசனிடம் பேசி, சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றச் செய்கிறாள். பசிக்கும் சிறைக்கும் உள்ள உறவை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

ஆனால் வறுமை ஒன்றே காரணம் என்றால், ஏழைகள் எல்லோரும் திருட வேண்டுமே! 1820-களில் பிரெஞ்சு சர்க்கார் குற்றக் கணக்குகளை வருஷந்தோறும் அச்சிடத் தொடங்கியது. கெரி என்ற வக்கீலும், பெல்ஜியம் நாட்டுக் கெட்டலே என்ற கணித மேதையும் அந்தக் கணக்குகளை ஆராய்ந்தார்கள். குற்றங்களின் எண்ணிக்கை வருஷா வருஷம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது கண்டு திகைத்தார்கள். இன்னொரு ஆச்சரியமும் காத்திருந்தது. மிக ஏழையான மாவட்டங்களில் திருட்டு அதிகமில்லை. செல்வமும் இல்லாமையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இடங்களில்தான் அதிகம்!

1938-ல் ராபர்ட் மெர்ட்டன் என்ற அமெரிக்க அறிஞர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பணம், வீடு, வாகனம் இவை எல்லோருக்கும் வேண்டும் என்று சமுதாயம் ஓயாமல் சொல்கிறது. ஆனால் அவற்றை நேர்வழியில் அடையும் வாய்ப்பைச் சிலருக்குத்தான் தருகிறது. மற்றவர்களில் சிலர் குறுக்குவழி தேடுகிறார்கள்.

அப்படியானால் பணக்காரர்கள்? அடுத்த வருஷமே எட்வின் சதர்லாந்து என்ற பேராசிரியர் அதையும் கேட்டார். வெள்ளைச் சட்டைக் குற்றங்களைப் பற்றி முதன்முதலாக விரிவாகப் பேசினார். 1949-ல் அமெரிக்காவின் 70 பெரிய கம்பெனிகளின் சட்ட மீறல்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். அந்த முதலாளிகள் பசியால் அதைச் செய்யவில்லை. அவர்கள் மண்டையை யாரும் அளக்கவும் இல்லை!

சேர்க்கையின் வலிமை

மூன்றாமவரின் கட்சிக்கும் சதர்லாந்துதான் தலைவர். குற்றம் பிறவியில் வருவதல்ல. தச்சு வேலையைப் போலப் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்ளும் வித்தை என்றார் அவர். தொழிலை மட்டுமல்ல, 'இதில் தப்பில்லை' என்ற சமாதானத்தையும் சேர்த்தே கற்கிறார்கள்.

சிகாகோ நகரில் ஷா, மெக்கே என்ற இருவர் ஒரு காரியம் செய்தார்கள். பல வருஷத்துச் சிறுவர் குற்ற வழக்குகளை நகரப் படத்தில் குறித்தார்கள். ஆலைகளை ஒட்டிய நெருக்கடியான சில பேட்டைகளில் குற்றம் அதிகம். முதலில் அங்கே ஒரு நாட்டிலிருந்து வந்தவர்கள் குடியிருந்தார்கள். வசதி வந்ததும் அவர்கள் வெளியேறினார்கள். வேறு நாட்டவர் வந்தார்கள். ஆட்கள் மாறினார்கள், பாஷை மாறியது. பேட்டையின் குற்றக் கணக்கு மட்டும் மாறவில்லை. வெளியேறிப் போனவர்களின் குழந்தைகளிடம் குற்றம் குறைந்தது. ரத்தம் காரணமானால் அது அவர்களோடு போயிருக்க வேண்டும் அல்லவா?

விதையும் மண்ணும்

உடம்பில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாமா? அதுவும் சரியல்ல.

1965-ல் ஸ்காட்லாந்தில் ஒரு பரபரப்பு. ஆண்களுக்கு இருக்க வேண்டியதைவிட ஒரு ஒய் குரோமோசோம் அதிகமாக உள்ளவர்கள், ஆபத்தான நோயாளிகளை அடைத்து வைக்கும் ஆஸ்பத்திரி ஒன்றில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் காணப்பட்டார்கள். 'கொலைகாரக் குரோமோசோம்' கிடைத்துவிட்டது என்று பத்திரிகைகள் முழங்கின. 1976-ல் டென்மார்க்கில் ஆயிரக்கணக்கானவர்களைச் சோதித்தார்கள். அப்படிப்பட்டவர்கள் பலாத்காரத்தில் மற்றவர்களைவிட மிஞ்சியவர்கள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

2002-ல் நியூசிலாந்தின் டுனெடின் நகரிலிருந்து வந்த ஆராய்ச்சி இன்னும் நுட்பமானது. மூளையின் ரசாயனத்தைப் பாதிக்கும் ஒரு மரபணு வகை. அது இருந்து, சிறு வயதில் அடியும் கொடுமையும் அனுபவித்த பையன்கள் பிற்காலத்தில் முரடர்களாவது அதிகம். அதே மரபணு இருந்தும் அன்பாக வளர்ந்தவர்களிடம் அப்படி இல்லை. பின்னால் வந்த ஆராய்ச்சிகள் எல்லாம் இதை ஒரே குரலில் உறுதி செய்யவில்லை. ஆனாலும் பாடம் தெளிவு: விதை மட்டும் பயிரல்ல; மண்ணும் வேண்டும், தண்ணீரும் வேண்டும்.

நாலு போடு போட்டால்?

நாலாமவருக்குப் பதில் 1764-லேயே சொல்லப்பட்டுவிட்டது. இத்தாலியின் பெக்கரியா சொன்னார்: மனிதனைத் தடுப்பது தண்டனையின் கடுமை அல்ல, தப்பிக்க முடியாது என்ற நிச்சயம்தான். பின்னால் வந்த ஆராய்ச்சிகளும் பெரும்பாலும் இதையே சொல்கின்றன. ஆகவே நாலு போடு போடுவதைவிட, சரியான ஆளைப் பிடிப்பதே பயம் தரும்.

தவறான ஆளைப் பிடித்தால்? அங்கேதான் ஐந்தாவது குரல் வருகிறது: "பழைய கேடி யார்?"

கெட்ட பெயர் என்னும் விலங்கு

குற்றப் பரம்பரைச் சட்டம் போனாலும் அதன் வாசனை போகவில்லை. சென்னை மாகாணத்தில் 1948-லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. ஊர் நினைவும் போலீஸ் நினைவும் சட்டத்தைவிட நீண்ட ஆயுள் உள்ளவை.

1993-ம் ஆண்டு, விருத்தாசலத்தை அடுத்த முதனை கிராமத்தைச் சேர்ந்த குறவர் சமூகத்து ஏழை ஒருவரைத் திருட்டுச் சந்தேகத்தில் போலீசார் கொண்டு போனார்கள். அவர் உயிரோடு திரும்பவில்லை. அவருடைய மனைவி நீதி கேட்டு சென்னை ஹைகோர்ட் வரை போனார். அவருக்காக வாதாடிய வக்கீல் கே. சந்துரு, பிற்காலத்தில் அதே கோர்ட்டில் நீதிபதியானார். 2021-ல் வெளிவந்த 'ஜெய் பீம்' படத்துக்கு ஆதாரமான வழக்கு இதுவே.

சேதராப்பட்டுக்கு வடக்கே உள்ள திண்டிவனம் வட்டாரத்தில் 1990-களில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் தோன்றியதற்கும், இருளர்கள் மீது ஓயாமல் போடப்பட்ட பொய்த் திருட்டு வழக்குகள் ஒரு முக்கிய காரணம். பேராசிரியர் கல்யாணி அதை முன்னின்று நடத்தினார். தமிழ்நாட்டுப் பக்கம் இருளர்கள் பழங்குடிப் பட்டியலில் இருந்தார்கள். புதுச்சேரிப் பக்கம் 2016 வரை அந்தப் பட்டியலே இல்லை! திருடன் என்ற பெயர் கேட்காமலே வரும். பழங்குடி என்ற சான்றுக்கு மட்டும் அத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும்.

1963-ல் ஹோவர்ட் பெக்கர் என்ற அமெரிக்கர் எழுதிய நூலின் சாரம் இதுதான். ஒருவனைக் குற்றவாளி என்று முத்திரை குத்திவிட்டால், நேர்வழிகள் ஒவ்வொன்றாக அவனுக்கு அடைபடுகின்றன. வேலை கிடைக்காது, வாடகைக்கு வீடு கிடைக்காது. திறந்திருப்பது ஒரு வழிதான். அதில் அவன் போனதும், 'பார்த்தீர்களா, நாம் சொன்னது சரியாகப் போயிற்று' என்கிறோம்.

2024 அக்டோபர் 3-ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. சிறைகளில் ஜாதி பார்த்து வேலை பிரிப்பதும், பதிவேட்டில் ஜாதிக்குத் தனிப் பத்தி வைத்திருப்பதும் செல்லாது என்றது. முன்னாள் குற்றப் பரம்பரையினரைப் 'பழக்கக் குற்றவாளிகள்' என்று கருதும் சிறை விதிகளையும் கண்டித்தது. 1871-ல் போட்ட முடிச்சின் ஓர் இழை, 153 வருஷங்கள் கழித்து அவிழ்ந்தது.

திருந்தியவர்களின் கதை

கடைசியாக ஒரு நல்ல செய்தி. அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில் குளூக் தம்பதிகள், குற்றம் செய்து பிடிபட்ட 500 சிறுவர்களைப் பற்றி விவரமாக எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கட்டுகள் ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் அடித்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்தன. 1980-களில் சாம்ப்சன், லாப் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அவற்றைத் தூசு தட்டி எடுத்தார்கள். அந்தச் சிறுவர்களில் பலர் எழுபது வயது வரை எப்படி வாழ்ந்தார்கள் என்று தேடிப் பார்த்தார்கள்.

பிறவிக் குற்றவாளிகள் என்றால் கடைசிவரை திருடியிருக்க வேண்டும். பெரும்பாலோர் நடுவிலேயே விட்டுவிட்டார்கள். நிலையான வேலை, நல்ல மனைவி, ராணுவச் சேவை என்று ஏதோ ஒன்று அவர்களைப் பிடித்து நிறுத்தியது. 'இவன் இனி எங்கள் ஆள்' என்று சொல்ல யாரோ ஒருவர் கிடைத்தார். அவ்வளவுதான்.

சேதராப்பட்டு டீக்கடைக்குத் திரும்புவோம். மோட்டார் சைக்கிளைப் பறிகொடுத்தவரின் நஷ்டம் நிஜம். அவர் வண்டி திரும்ப வர வேண்டும். எடுத்தவன் பிடிபட வேண்டும். அவன் ஏன் எடுத்தான் என்பதற்கு மேலே சொன்ன காரணங்களில் ஒன்றல்ல, நாலைந்து சேர்ந்தே இருக்கும். எந்த நிபுணரும் ஒரே ஒரு காரணத்தைக் காட்டி வழக்கை முடிக்க இதுவரை முடியவில்லை.

ஆனால் இன்று இரவு அந்த ஊரின் கோடியில் உள்ள ஒரு குடிசையின் கதவு தட்டப்படலாம். விசாரிக்க அல்ல, 'வேறு யார் எடுத்திருப்பான்?' என்ற முடிவோடு. அந்தக் கதவைத் தட்டுகிற கை போலீசாருடையதாக இருக்கலாம். அவர்களுக்கு அந்தக் குடிசையைக் காட்டியது டீக்கடையில் நீட்டிய விரல்.

வண்டியைத் தேடுங்கள். வம்சத்தைத் தேடாதீர்கள்.